உன் பக்கம், என் பக்கம்

அண்ணன் போன் செய்தபோது நான் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நின்று ஒரு சீட்டை வெளிச்சத்துக்குக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் கிறுக்குவதைப் படிப்பதில் எங்கள் கடையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"உன் அண்ணிக்கு பக்கவாதம் வந்துடுச்சு" என்றான். "உயிருக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா பேச்சு வரல."

பேச்சு வரவில்லை என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. அண்ணியைத் தெரிந்த யாருக்குமே உறைத்திருக்காது. பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதில் காலை வைத்துக்கொண்டு அவள் போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டியும் நின்றுவிடும் என்பார்கள். டிரைவிங் பள்ளியில் அவளுக்குப் பெயரே 'பிரேக் அக்கா'தான்.

அந்தச் சத்தத்தை நானும் வாங்கியிருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆசைப்பட்டு அவளிடமே கற்றுக்கொள்ளப் போனேன். மூன்றாம் நாள், நாலு சாலை சேருமிடத்தில் என் கையில் வண்டி அணைந்துபோனது. கிளப்பினேன், திரும்பவும் அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். அண்ணி பொறுமை இழந்து, "உனக்கெல்லாம் இது இந்த ஜென்மத்துல வராது, இறங்குடி!" என்று கத்தினாள். நானும் ரோஷக்காரி. நிஜமாகவே இறங்கி, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, நடுரோட்டில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தாலும் அண்ணன்தான் நடுவில் இருந்து இங்கே கேட்டதை அங்கே சொல்வான்.

இப்போது அவன் போனில் அழுதான். நான் சீட்டை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் கொஞ்சம் துவண்டிருந்தது. மற்றபடி பார்க்க அதே அண்ணிதான். மேஜைமேல் இருந்த தண்ணீரைக் காட்டி, "சாவி" என்றாள். தவறு என்று அவளுக்கே தெரிந்தது. முகம் சிவந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் "சாவி"தான் வந்தது.

"தண்ணிதானே? இதோ, இதோ" என்று அண்ணன் பாய்ந்து எடுத்துக் கொடுத்தான்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஏனோ அவளுக்குக் காது கேட்காததுபோலச் சத்தமாகப் பேசினார்கள். "இப்ப புரியுதா இவங்களுக்கு?" என்று அவள் எதிரிலேயே அண்ணனிடம் விசாரித்தார்கள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. வார்த்தைகள்தான் சொன்ன இடத்துக்கு வந்து நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அண்ணி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தேன். அது வெட்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கை தேறியது, நடை தேறியது. பேச்சு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் ரொம்ப நல்லவர். அதுதான் பிரச்சினையே" என்றாள். "அவங்க வாயத் திறக்கறதுக்குள்ள இவர் முடிச்சு வெச்சிடறார். நாள் முழுக்க அவங்க பேச வேண்டிய தேவையே வரல. யாராவது ஒருத்தர் தினமும் கூட உட்காரணும். சும்மா காத்திருக்கணும். அவ்வளவுதான்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு நின்றால் ஓடிப்போய்த் திறந்துவிடுவதுதான் அவன் தொழில். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் காத்திருக்க அவனால் ஆகாது. எனக்குக் கடையில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு. "நான் வரேன்" என்றேன்.

காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எதிரில் ஒருத்தி வார்த்தைக்குத் தவிக்கும்போது, அந்த வார்த்தை நம் நாக்கு நுனியிலேயே இருக்கும்போது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் நான் என் தொடையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொண்டேன். அண்ணி நாலு வார்த்தை முயன்று பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாவது நாள் டீ போட்டு, வேண்டுமென்றே என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அண்ணி கோப்பையைக் காட்டினாள்.

"என்ன அண்ணி வேணும்?"

"ச... சா... சாவி."

நான் எழுந்து போய், ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தேன்.

அண்ணி சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. சாவியைத் தூக்கி என்மேல் எறிந்து, "போடி, திமிர் பிடிச்சவளே!" என்றாள்.

சுத்தமாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ திட்டுங்க அண்ணி" என்றேன்.

"போ... டி" என்றாள். இம்முறை சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் எங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர். டீ ஆறிப்போனது. "டீ" என்று அவள் கேட்டது அதற்குப் பிறகுதான். அதையும் சரியாகவே கேட்டாள்.

கோபத்தில் வருகிற வார்த்தைகள் சில சமயம் தானாக வந்துவிடும் என்று பயிற்சிப் பெண் விளக்கினாள். "ஆனா அத மட்டும் நம்பி இருக்க முடியாது. மெதுவாத்தான் போகணும்." மெதுவாகத்தான் போனோம். காலையில் என்ன சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, அண்ணன் துணியை எப்படி மடிக்கிறான் என்று தினமும் ஏதாவது ஒன்று. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் முப்பதுவரை எண்ணுவேன். சில நாள் முப்பதுக்குள் வந்தது. சில நாள் மூன்று முப்பது ஆனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் அண்ணி தானாகவே ஆரம்பித்தாள். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"அன்னிக்கு... ரோட்டுல..." என்றாள். நிறுத்தினாள். நெற்றி வியர்த்தது. "உன் கை... நீ சொன்னத... கேட்கல."

நான் எண்ணத் தொடங்கினேன்.

"நான்... கத்தினேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப... என் வாய்... கேட்கல. நீ... கத்தல."

இவ்வளவும் சொல்ல நாலு நிமிஷமாவது ஆகியிருக்கும். நான் ஏழு வருஷமாக அவளுக்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எத்தனையோ. ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. "நானும்தான் அண்ணி கதவைக்கூடச் சாத்தாம போனேன். வண்டி வந்து இடிச்சிருந்தா?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பிடித்தாள். பிடி பலமாகவே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அண்ணி, "வேலைக்கு... போறேன்" என்றாள்.

அண்ணன் ஆடிப்போய்விட்டான். "விளையாடறியா? இடதுக்கு வலதுன்னு சொல்ற, வலதுக்கு இடதுன்னு சொல்ற. ஓடற வண்டியில ஒரு வார்த்தை மாறினா என்ன ஆகும்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. மற்றதெல்லாம் தேறியும் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் அவளுக்கு இடம் மாறி மாறியே வந்தன. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "எனக்குப் புரியுது, உனக்கு வீட்டுல போரடிக்குது" என்று அண்ணன் வழக்கம்போல முடித்து வைத்தான்.

அண்ணி கையை ஓங்கி மேஜைமேல் அறைந்தாள். "இல்ல! நான்... பேசறேன். நீங்க... கேளுங்க."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "போரடிக்கல. பயமா... இருக்கு. இங்கயே... இருந்தா... நான்... நோயாளி. அங்க... நான்... நான்." பிறகு, "உங்களுக்கும்... பயம். தெரியும்" என்றாள்.

அண்ணன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "நீ விழுந்தப்ப நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்" என்றான். "நீ கூப்பிட்டிருப்ப. என் காதுல விழல." மூன்று மாதமாக அவன் அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏன் ஓடி ஓடிப் பிடித்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அண்ணி எழுந்து போய் அவன் தலையில் கைவைத்து நின்றாள். அப்போது அவள் பேசவில்லை. அவனும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

டாக்டர் கை, கால், கண் எல்லாவற்றையும் சோதித்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் போடத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். பள்ளி முதலாளி நியாயமானவர். "அக்கா, ஒரே ஒரு ஆளுக்கு நீங்க முழுசா சொல்லிக்கொடுங்க. முதல் பத்து நாள் நான் பின்னால உட்கார்ந்து பார்க்கறேன். அந்த ஆள் லைசென்ஸ் வாங்கிட்டா, நீங்க பழைய மாதிரியே வாங்க" என்றார். அந்த ஒரு ஆள் எங்கே கிடைப்பார்? விசாரிக்க வந்த இரண்டு பேர் அண்ணி பேசுவதைக் கேட்டுவிட்டு வேறு ஆசிரியர் வேண்டும் என்றார்கள். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் கத்துக்கறேன்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். எனக்கு நாற்பத்திநாலு வயது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. டாக்ஸியில் முன்சீட்டில் உட்காரவே பயப்படுகிறவள்.

முதல் நாள் பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி மைதானம். அண்ணி, "இடது" என்றாள். இடது பக்கம் திருப்பினேன். அவள் தலையை ஆட்டி, கையால் வலதைக் காட்டினாள். பின்சீட்டில் முதலாளி தொண்டையைக் கனைத்தார். அண்ணி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி யோசித்தாள். நான் எண்ணினேன். நாற்பது, ஐம்பது.

கண்ணைத் திறந்து, என் தோளைத் தொட்டு, "உன் பக்கம்" என்றாள். தன் நெஞ்சைத் தொட்டு, "என் பக்கம்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து இடதும் வலதும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. "உன் பக்கம் திரும்பு. என் பக்கம் கண்ணாடி பாரு. உன் பக்கம் ஒடிச்சு விடு." ஒருமுறைகூட மாறவில்லை. முதலாளி பின்னால் இருந்து, "அட!" என்றார்.

பத்து நாள் என்றவர் ஆறாம் நாளே இறங்கிக்கொண்டார்.

இருபதாம் நாள் அதே நாலு சாலைக்குப் போனோம். வண்டி அணைந்தது, அணையும் என்று எனக்குத் தெரியும். பின்னால் ஹாரன்கள் கிளம்பின. என் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. அண்ணி காலைப் பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மெதுவா" என்றாள். "அவங்க... காத்திருப்பாங்க. யாரும்... சாக மாட்டாங்க."

கிளப்பினேன். வண்டி நகர்ந்தது. என் பக்கமாகத் திரும்பி, சாலையைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கைதட்டினோம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

பரீட்சை அன்று அதிகாரி என் பக்கத்தில் அட்டையுடன் உட்கார்ந்தார். அண்ணனும் அண்ணியும் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் சரியாமல் எடுத்தேன். ரிவர்ஸில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினேன். அதிகாரி "இடது" என்றபோது ஒரு கணம் திணறி, மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு திரும்பினேன். அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அந்தக் கிறுக்கலை நான் படிக்கவே இல்லை. 'தேர்ச்சி' என்ற முத்திரை போதுமாக இருந்தது.

இறங்கி ஓடினேன். அண்ணன் "பாஸா?" என்று கேட்க வாயைத் திறந்து, சட்டென்று அண்ணியைப் பார்த்து மூடிக்கொண்டான். அவளே கேட்கட்டும் என்று நின்றான்.

அண்ணி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலியைச் சுற்றி வர அவளுக்குப் பொறுமையில்லை, கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் நீட்டி என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "வந்துடுச்சுடீ!" என்று கத்தினாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். நானே காரில் கொண்டுபோய் விட்டேன்; அண்ணன் பின்சீட்டில் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். நாங்கள் உள்ளே நுழையும்போது போன் அடித்தது. அண்ணியே எடுத்தாள்.

"நான்... மெதுவாத்தான்... பேசுவேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "நீங்க... காத்திருக்கணும்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது, இரண்டு இடத்தில் போய் அழுதுகொண்டு திரும்பிவிட்டேன், என்னைப் போன்றவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பீர்களா என்று கேட்டது.

அண்ணி மேஜையில் இருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு... எட்டு மணிக்கு வாங்க" என்றாள். "பயத்தோடயே... வாங்க. பரவாயில்ல."