உள்ளே வராதவன்

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம். உள்ளே வரும்போது கார்டைத் தேய்த்தால் கேட் உடனே திறக்கும், பதிவைக் கம்ப்யூட்டர் பிறகு எழுதிக்கொள்ளும். வெளியே போகும்போது மட்டும் எழுதி முடித்த பிறகுதான் திறக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்று மதியம் என் மகள் வேலைக்காகத் தூரதேசத்துக்குப் பஸ் ஏறுகிறாள். இனி எப்போது பார்ப்பேனோ. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, வெளியே போகக் கேட்டில் கார்டைத் தேய்த்தேன். கேட் அசையவில்லை.

கேட் பதிவெல்லாம் சேரும் டேட்டாபேஸைப் பார்க்கும் தம்பியிடம் போனேன்.

"அண்ணே, இதுல எது எழுதினாலும் ஒரு நகல் ஆர்க்கைவுக்குப் போகும். இப்ப ஆர்க்கைவ் நிறைஞ்சுடுச்சு. நகல் வைக்க இடம் இல்லாம ஒண்ணுமே எழுத மாட்டேன்னு விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கு."

"நகலே வேணாம்னு நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்தலாம். மேனேஜர் அனுமதி வேணும்."

மேனேஜர் தங்கமான மனுஷர், உடனே கொடுத்தார். ஆனால் அனுமதியை அதே டேட்டாபேஸில்தான் பதிய வேண்டும். பதிந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் உலை கொதிக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பஸ் போயிடும் சார்."

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாயால சொல்றேன், நிறுத்து," என்றார்.

தம்பி எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்து, ஆர்க்கைவை நிறுத்தி, திரும்பத் திறந்தான். நான் கேட்டுக்கு ஓடினேன். 'நீங்கள் உள்ளே இல்லை' என்று எழுதி வந்தது. எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்தேன். அதேதான்.

பின்னாலேயே வந்த தம்பி தலையைச் சொறிந்தான். "முடியாம நின்ன பதிவெல்லாம் அணைச்சப்ப போயிடுச்சுண்ணே. காலைல நீங்க வந்ததும் அதுல ஒண்ணு. நீங்க இன்னும் வரவே இல்ல."

"வெளிய போகணும்னா முதல்ல உள்ள வரணும்," என்றார் வாட்ச்மேன். "வெளிய போய் வாங்க."

அதற்குள் மகளே பெட்டியோடு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னப்பா, ஜெயிலா?"

"ஜெயில்னா பேராவது எழுதியிருப்பாங்கம்மா."

"கார்டைக் குடுங்க." கம்பி வழியாக வாங்கி, வெளியே இருந்த மெஷினில் தேய்த்தாள். நான் உள்ளே வருவதற்காகக் கேட் திறந்தது. நான் வெளியே நடந்தேன்.

வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "இது உள்ள வர்றதுக்குத் திறந்தது."

"நான்தான் இங்க இல்லவே இல்லையே. யாரை மறிக்கிறீங்க?"

அவர் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டோம். பஸ் நகரும்வரை ஜன்னலோரம் நின்றேன். அவள் கையை விடவில்லை. நானும்தான். அந்த நேரம் முழுக்க, கம்ப்யூட்டர் கணக்குப்படி நான் உள்ளே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.