செல்லச்சாமி ஆடிய பைனல்

"நாரணாபுரத்துல மட்டும் பெய்யணும்லே. மதுரையில ஒரு சொட்டு விழக் கூடாது."

"மேகத்துக்குப் பஸ் டிக்கெட்டு எடுத்துக் குடு. சிவகாசியிலயே எறங்கிக்கிரும்" என்றேன்.

சங்கிலிமுத்து சிரிக்கவில்லை. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில், களத்தில் வெடி காய வைக்கிறவன் அவன். தீபாவளிக்கு முன்னால் மழை பெய்தால்தான் அங்கே லீவு. மறுநாள் மதுரையில் கால்பந்து பைனல். அவன் தம்பி செல்லச்சாமி மில் அணியில் இடது ஓரம் ஆடுகிறான். ரேடியோவில் வர்ணனை உண்டு. தம்பி பேர் அதில் வருவதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

"வருசா வருசம் சீசன்லதான் பைனல் வைப்பானுக. பொங்கல் கழிச்சு வச்சா பந்து உருளாதோ?"

அது அறுபத்தொன்றாம் வருடம். அப்படி ஒரு சொல்பேச்சுக் கேட்ட மழையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கொட்டித் தீர்த்தது, களத்தை மூடிவிட்டார்கள். மத்தியானம் நனைந்த சட்டையோடு விருதுநகருக்கு, என் மாமா ரத்தினசாமியின் மிளகாய் மண்டிக்கு வந்து நின்றான். "லாரிக்காரன்ட்ட கேட்டேன். மதுரையில வெயிலாம்லே!" அவன் முகத்திலும் வெயில்தான்.

சரக்கு விலை கேட்பதற்கென்றே மாமா வாங்கிய ரேடியோ அது. "வெல சொல்ற வரைக்கும் கேட்டுக்கோ" என்றார்.

வர்ணனையாளர் பந்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். பந்தலின் தோரணங்கள், வைகைக் காற்று, கலெக்டரின் மனைவி வந்து அமர்ந்த அழகு.

"பந்து எங்கனய்யா கெடக்கு?" என்றான் சங்கிலிமுத்து.

"கலெக்டரம்மா மடியில கெடக்கும்" என்றார் மூட்டை தூக்கும் பலவேசம்.

ஒரு மில் வீரர் மற்றொரு மில் வீரருக்குப் பந்தைத் தருகிறார் என்றது ரேடியோ.

"அந்த மற்றொருவருக்கு எங்க ஆத்தா பேரு வச்சிருக்காய்யா!"

மூட்டைகளின் நெடியில் யாராவது இருமினால் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். இருமலை அடக்கிக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தோம். இன்றும் வத்தல் நெடி ஏறினால் எனக்கு அந்த மைதானம்தான் தெரிகிறது; நான் பார்த்தே இராத மைதானம்.

பொழுது சாயச் சாய வியாபாரிகள் விலை கேட்க வந்து கூடினார்கள். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. திடீரென்று ரேடியோ அலறியது.

"கோல்! மில் அணி! இடது ஓரத்திலிருந்து, ஆகா, என்ன ஒரு அடி! அடித்தவர்…"

கூட்டத்தின் இரைச்சல் குரலை விழுங்கியது. அது அடங்கியபோது வேறொரு குரல், ஒலிபரப்பு நேரம் முடிந்துவிட்டதால் மைதானத்திலிருந்து விடைபெறுவதாகவும், அடுத்து சந்தை நிலவரம் என்றும் நிதானமாகச் சொன்னது.

"மிளகாய் வத்தல், முதல் ரகம்…"

வியாபாரிகள் முன்னால் சாய்ந்தார்கள். சங்கிலிமுத்து அவர்களை விலக்கிக்கொண்டு போய், ரேடியோவின் துணி முகப்பில் வாயை வைத்தான். மாமா அவனைத் தடுக்கவில்லை.

"ஐயா, எடது பக்கம் அவந்தான்யா நிப்பான். அடிச்சது யாருன்னு பேரை மட்டும் சொல்லிட்டு, பெறகு வெலயைச் சொல்லுங்களேன்!"