அறுபது கிலோவுக்கு மேல் ஏற்றாத லிஃப்ட்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் அறுபது கிலோவுக்கு மேற்பட்ட ஆளை ஏற்றாது. நான் நூற்றிருபது கிலோ. அதனால் கீழே கார் நிறுத்தும் இடத்தில் குடியிருக்கிறேன். என் வீடு ஏழாம் மாடியில் இருக்கிறது. என் மனைவி அம்சவல்லியும் ஒன்பது வயது மகள் நிறைமதியும் அங்கே இருக்கிறார்கள்.

லிஃப்ட் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆயுத பூஜையன்று குடியிருப்புச் சங்கத்து மகானுபாவர்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். அன்றிலிருந்து அதற்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஆள் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. நான் எதிரில் போய் நின்றால் 'ச்சீ' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மூடிக்கொள்கிறது.

படிக்கட்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்றாம் மாடிவரை ஏறிப் போகும். பிறகு அதுவே இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். வாஸ்துப்படி கட்டியதாம். கட்டியவனைத் தூணில் கட்டிவைத்து உதைக்க வேண்டும்.

மேலே இருப்பவர்கள் கீழே வந்து என்னைப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் என் ஊக்கம் குறைந்துவிடும் என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. அதனால் நிறைமதி பள்ளிக்கூடம் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வருவாள். அம்சவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டு வருவாள். இருவரும் ஒருநாளும் எதிலும் மோதியதில்லை. நிறைமதி ஏதாவது ஒரு தூண் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்பா, டாட்டா" என்பாள். நான் வேறு தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். 

எனக்கு ஊக்கம் கொடுக்கும் பொறுப்பு சங்கச் செயலாளர் குலோத்துங்கனுடையது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆள் ஒரு காலத்தில் தொண்ணூறு கிலோ இருந்தாராம். இப்போது பக்கவாட்டில் திரும்பினால் தெரிய மாட்டார். பேசிக்கொண்டே திரும்புவார். ஆள் காணாமல் போய்விடுவார். உபதேசம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"மனசு வெச்சா முடியும், தணிகாசலம் சார்."

"நான் வீட்டுக்குப் போகணும்."

"அதான் சொல்றேன். இலக்கைக் கண்ணு முன்னாடி நிறுத்துங்க."

"நிறுத்த வேணாம். அது ஏழாம் மாடியிலயே நிக்குது."

"இந்த மாதிரி பேசுறீங்க பாருங்க, இதுவே ஒரு ரெண்டு கிலோ இருக்கும்."

இந்த மனிதரை நம்பித்தான் என் குடும்ப வாழ்க்கை இருந்தது. தலையெழுத்து.

ஊக்கம் தினமும் காலையில் பால் பாக்கெட்டோடு வந்துவிடும். அதுவும் பாக்கெட்தான். எட்டு மணிக்குள் பயன்படுத்தாவிட்டால் திரிந்துவிடும். ஒரு நாள் காய்ச்சிப் பார்த்தேன். அப்போதும் திரிந்தது. செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க பாசிட்டிவா காய்ச்சல" என்றார்.

ஆறு மணிக்குச் சங்கத்தின் ஊக்கக் குழு வரும். என்னைச் சுற்றி வட்டமாக நின்று கைதட்டுவார்கள். "முடியும்! முடியும்!" என்று கத்துவார்கள். பிறகு கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, காரணமே இல்லாமல் ஹா ஹா என்று சிரிப்பார்கள். அது முடிந்ததும் தெரு முனையில் இருக்கும் மெஸ்ஸுக்குப் போய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடுவார்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுப்பார்கள். எண்ணெயைப் பிழிந்துவிட்டால் வடை கீரையாகிவிடும் என்று நினைப்பு. இந்தக் கும்பல் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டது.

எடை பார்ப்பதற்குச் செண்பகராமன் இருந்தார். அவர் முதல் மாடிக்காரர். யாரைப் பார்த்தாலும், சாவு வீடாகவே இருந்தாலும், "என்ன, வெயிட் போட்டுட்டீங்க போல" என்று ஆரம்பிப்பார். பொங்கலுக்கு மறுநாள் அவர் எடை பார்க்கும் இயந்திரமாகிவிட்டார். ரயில் நிலையத்தில் முன்பு இருக்குமே, கலர் விளக்கு சுற்றுமே, அந்த மாதிரி. அவர் மனைவி தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம்.

ஏறி நின்றால் செண்பகராமன் ஓர் அட்டை கொடுப்பார். ஒரு பக்கம் எடை. மறுபக்கம் பலன். முதல் நாள் 'நூற்றிருபது' என்று வந்தது. பலன்: 'நீங்கள் நல்லவர். அதனால் ஒரு பயனும் இல்லை.' மனிதராக இருந்தபோதும் இதே வாய்தான்.

மதியம் ஏழாம் மாடி பால்கனியிலிருந்து நைலான் கயிற்றில் கூடை இறங்கும். கூடைக்குள் சாப்பாட்டுக் கேரியர். எனக்குச் சாப்பாடு அனுப்பக் கூடாது என்று தீர்மானத்தில் எழுத மறந்துவிட்டார்கள். அவர்கள் அறிவு அவ்வளவுதான்.

"டயட் சாப்பாடுதாங்க!" என்று அம்சவல்லி மேலிருந்து கத்துவாள்.

திறந்தால் வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கணவன் காரோடு காராக நிற்கிறான், வாயையும் கட்டச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

முதல் நாள் சாப்பிட்டு, கழுவி, கேரியரைக் கூடையில் வைத்து அனுப்பினேன். அது மேலே போய்ச் சேர்ந்ததும் சத்தம் வந்தது.

"ஏங்க, வெறும் பாத்திரத்தையா திருப்பி அனுப்புவாங்க? வீட்டுக்கு ஆகுமா? ரெண்டு சர்க்கரையாவது போட்டு அனுப்பக் கூடாது?"

"எனக்கு ஏதுடி சர்க்கரை? எல்லாத்தையும் குலோத்துங்கன் பறிமுதல் பண்ணிட்டான்."

"எதையாவது போடுங்க. வெறுசா மட்டும் அனுப்பாதீங்க."

அவள் சொன்னது நியாயம். எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். மறுநாள் வேப்பங்கொழுந்து போட்டேன். அதற்கு மறுநாள் யாருடைய ஸ்கூட்டரிலிருந்தோ கழன்று விழுந்த திருகாணியைப் போட்டேன். அப்புறம் போட ஒன்றுமில்லை. கார் நிறுத்தும் இடத்தில் என்ன விளையும்?

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதல் அரைக் கிலோ இறங்கியது. காலையில் தூண்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். நான் நடக்க நடக்கத் தூண்கள் கூடிக்கொண்டே போகும், அது வழக்கம். நடந்து முடித்து முகத்தைத் துடைத்தபோது அது துண்டில் இருந்தது. இட்லி மாவு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பை வண்டி வந்தபோது எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டிக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"மக்குறதா, மக்காததா?"

"தெரியலம்மா."

"யாருது?"

"என்னுதுதான்."

"உன்னுது உனுக்கே தெரியலன்னா நான் எந்த டப்பாவுல போடுறது? கொண்டு போ நைனா."

கொண்டுவந்தேன். மதியம் கூடை இறங்கியது. கேரியரின் மேல் கிண்ணத்தில் அந்த அரைக் கிலோவைப் போட்டு மூடி அனுப்பினேன். அம்சவல்லி மேலே மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நான்தான்."

"எவ்வளவு?"

"அரைக் கிலோ."

"சரி. பத்திரமா வைக்கிறேன்."

சாயங்காலம் நிறைமதி பால்கனிக் கம்பிக்குள் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு கத்தினாள். "அப்பா! நீங்க வந்துட்டீங்க! கொஞ்சூண்டு!"

நான் ஒரு காரின் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். இத்தனை மாதம் இந்தக் கோமாளிகள் கைதட்டி வராத ஊக்கம் அந்த ஒரு வார்த்தையில் வந்தது. முழுசாகத்தானே லிஃப்ட் ஏற்றாது? கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றில் போகிறேன். எவன் தடுப்பான்?

அன்றிலிருந்து வெறி பிடித்தவன் போல் நடந்தேன். தூண்கள் ஊர் எல்லை வரைக்கும் போயின. நானும் போனேன். வறுவலைத் தெருநாய்க்குப் போட்டேன். நாய் இரண்டு மடங்கானது. அதையும் லிஃப்ட் ஏற்றவில்லை. தினமும் கேரியரில் என்னைப் போட்டு அனுப்பினேன். அம்சவல்லி ஒருநாளும் குறை சொல்லவில்லை. குலோத்துங்கன் மட்டும் எல்லோரிடமும், "நம்ம தணிகாசலத்துக்கு நான்தான் தீ மூட்டினேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு அடுப்பு மூட்டவே தெரியாது.

நூறைத் தாண்டி இறங்கியபோது, மேலிருந்து நிறைமதி சொன்னாள்.

"அப்பா, நேத்து வந்ததுல குறட்டை இருந்துச்சு. வீடு இப்பதான் வீடு மாதிரி இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

எனக்குக் குறட்டை நின்றுபோயிருந்தது. நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் குளிக்கும்போது பாடும் பாட்டு மறந்தது. நிறைமதிக்கு நான் சொல்லும் யானைக் கதையில், யானை கடைக்குப் போன பிறகு என்ன செய்தது என்பது மறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போயிற்று. எல்லாம் மேலேதான் போகின்றன, வீட்டில்தான் இருக்கின்றன, நான் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எரிச்சல் மட்டும் ஒரு கிராம்கூட இறங்கவில்லை. அது எலும்போடு ஒட்டிய சரக்கு போலிருக்கிறது.

எண்பது ஆனபோது அம்சவல்லி கத்துவது குறைந்தது. எழுபது ஆனபோது ஒரு நாள், "சார், கேரியரைக் கூடையில வெச்சிடுங்க" என்றாள். சங்கத்துக்காரர்கள் பக்கத்தில் இருந்திருப்பார்கள், அதனால் மரியாதையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நிறைமதி எட்டிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். பரீட்சை நேரம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் இருவரும் கண்ணைத் திறந்துகொண்டே வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். தீர்மானத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனிதன் நினைத்துக்கொள்வதற்கு அளவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை செண்பகராமன் 'அறுபது' என்று அட்டை கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். பலன் பக்கம் வெறுமையாக இருந்தது. இரண்டு தட்டு தட்டினேன். கலர் விளக்கு ஒருமுறை சுற்றியது. வாயைத் திறக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதர் சும்மா இருந்தார்.

குழு வந்து கைதட்டியது. குலோத்துங்கன் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அது என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. "இது சங்கத்தின் வெற்றி" என்று பேச ஆரம்பித்தார். பேச்சு சூடு பிடித்ததும் பக்கவாட்டில் திரும்பினார். அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு நான் லிஃப்டுக்கு ஓடினேன்.

லிஃப்ட் திறந்தது. பல்லை இளித்துக்கொண்டு திறந்தது. நானும் மனதுக்குள் அதற்கு ஒரு 'ச்சீ' சொல்லிவிட்டு ஏறினேன்.

ஏழாம் மாடி நடைபாதை நீண்டுகொண்டே போனது. செருப்பு அலமாரிகள், வாடிய மாவிலைத் தோரணங்கள், மறுபடியும் செருப்பு அலமாரிகள். கடைசியில் என் வீடு வந்தது. மணியை அடித்தேன். நிறைமதி கதவைத் திறந்தாள். வளர்ந்திருந்தாள்.

"யாரு மாமா வேணும்?"

"நிறை, நான்தான்டா, அப்பா."

"அப்பா சாப்பிடுறாங்க" என்றாள். உள்ளே திரும்பி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள்.

அம்சவல்லி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "யாரைப் பாக்கணும் சார்?"

"நான்தான் அம்சா."

"நான்தான்னா?"

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல். "வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுறியே, உள்ள வரச் சொல்லு."

உள்ளே போனேன். மேசையில் அவன் உட்கார்ந்திருந்தான். பனியனும் லுங்கியும் போட்டிருந்தான். மெத்து மெத்தென்று இருந்தான். குளிக்கும்போது நான் பாடும் பாட்டை முனகிக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினான். என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தான்.

"நான் தணிகாசலம். நீங்க?"

"கீழ இருக்கேன்."

"அட, கீழ் வீட்டுக்காரரா! உக்காருங்க, உக்காருங்க."

என்ன அசட்டு மூஞ்சி! தினமும் பார்த்துப் பார்த்து, மூடி போட்டு, கயிற்றில் ஏற்றி அனுப்பியது இந்தப் பிண்டத்தையா? ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. நிறைமதி போய் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யானை கடைக்குப் போச்சா, அப்புறம் என்னாச்சு என்று கேட்டாள். கடைக்காரன் மேல தும்மிருச்சு என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தும்மியதா? எனக்கு அது ஞாபகமே இல்லை.

"நல்லா சிக்குனு இருக்கீங்க சார்" என்றான் என்னிடம். "எப்படிங்க குறைச்சீங்க? நானும் பாக்குறேன், மனசே வர மாட்டேங்குது. ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்களேன்."

வழி என்னிடம் இருந்தது. சொன்னால் செய்துவிடுவான். அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. நாளைக்கே கீழே வந்து நடப்பான். இறங்குவதை நான் வாங்கிக்கொள்ளலாம். வாயைத் திறந்தேன். நிறைமதி அவன் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் ஒன்றையொன்று எட்டவில்லை.

"குறைக்காதீங்க" என்றேன்.

"ஏங்க?"

"வேணாம் சார். இப்படியே இருங்க."

அம்சவல்லிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, அவரே சொல்லிட்டாரு" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். எனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து போட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

"கூச்சப்படாதீங்க சார்" என்றான் அவன். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

நினைத்துக்கொண்டேன். கை கழுவும் இடம் எங்கே என்று அம்சவல்லியிடம் கேட்டேன். அவள் காட்டினாள். கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவள் சாதம் போட்டு ரசம் ஊற்றினாள். ரசத்தில் உப்பு குறைவாக இருந்தது. "ரசம் நல்லா இருக்குங்க" என்றேன்.