மூன்று கோடுகள் முட்டிய இடம்

என் தம்பி வேலை பார்க்கும் கம்பெனியில் தண்ணீர் பம்பு செய்கிறார்கள். அந்தப் பம்புக்குள் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். வளையல் அளவுகூட இருக்காது, ஆனால் அது இல்லாவிட்டால் பம்பு ஒழுகும். அந்த வளையத்தைச் செய்துகொண்டிருந்தவள் நான். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. இப்போது தாராளமாகச் சொல்லலாம். இப்போதுதான் நான் செய்வதில்லையே.

கம்பெனிக்கு வளையம் கொடுக்க மூன்று பேருக்கு அங்கீகாரம் உண்டு. ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. எதைச் சொன்னாலும் பல் தெரியும், விலையைக் குறைக்கும்போது கடைவாய்ப் பல்வரை தெரியும். அடுத்தவர் கண்ணாடி. மூன்றாமவர் தும்மல். அவருக்கு ரப்பர் வாசனையே ஆகாது, என் ஷெட் வாசலில் நின்று நாலு தும்மல் போட்டுவிட்டு ஆர்டரைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார். அந்த மனுஷர் ராப்பகலாக வளையம் அடிக்கிறார் என்று கம்பெனி நம்பியது. மூன்று பேரிடமும் ரப்பரைச் சூடேற்றி அழுத்தி வளையமாக்கும் பிரஸ் கிடையாது. மூன்று பேரும் என்னிடம்தான் வாங்கினார்கள். ஒரே பிரஸ், ஒரே அச்சு, ஒரே ரப்பர். பை மட்டும் வேறு வேறு. சிரிப்புக்கு நீலப் பை, கண்ணாடிக்கு மஞ்சள், தும்மலுக்கு வெள்ளை. பையின் மேல் அவரவர் முத்திரையையும் நானே குத்திக் கொடுக்க வேண்டும்.

ஒரு வருஷம், வந்த வளையங்களிலேயே கண்ணாடியின் வளையம்தான் தரத்தில் முதல் என்று கம்பெனி அவருக்குக் கேடயம் கொடுத்தது. தும்மலுக்கு இரண்டாம் இடம். சிரிப்புக்கு எச்சரிக்கைக் கடிதம். அன்றைக்கு நானும் கத்திரியும் சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கத்திரி என்பது என்னோடு வேலை செய்த பெண். அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் நிற்கும் பிசிறை வெட்டுவது அவள் வேலை. வாயும் கையைப் போலவேதான்.

"அந்தக் கேடயத்துல பாதியாவது நமக்கு வெட்டித் தரச் சொல்லுங்கக்கா," என்றாள்.

வேலை கொடுக்க மூவரும் போட்டது ஒரே நிபந்தனை, வாயைத் திறக்கக் கூடாது. "உங்க தம்பி அங்கதானே இருக்கார்? அவருக்குக்கூடத் தெரியக் கூடாதும்மா," என்று சிரிப்பு பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னார். தம்பிக்குத் தெரியவில்லை. நான் ஏதோ குழாய்க் கடைகளுக்கு வளையம் அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க வைத்ததே அந்தப் பிரஸ்தான். ஆனாலும் அதிலிருந்து வருவதெல்லாம் எங்கே போகிறது என்று அந்தத் துரை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

ஒருநாள் பிரஸ்ஸின் சூட்டுத் தட்டு கருகிவிட்டது. புதுத் தட்டு வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரை ஷெட்டில் ஈ ஓட்டினோம். அங்கே கம்பெனியில் வளையம் தீர்ந்து, பம்பு பூட்டுகிற லைன் மொத்தமும் நின்றுபோனது.

அந்த வாரக் கடைசியில் தம்பி வீட்டுக்கு வந்தான். தட்டில் போட்டதை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னடா, சாப்பாடு பிடிக்கலையா, இல்ல மூஞ்சியே அப்படியா?"

"வேலை போயிடும் போலிருக்குக்கா," என்றான். "ஒரு ஆள் நின்னாலும் இன்னொரு ஆள் கைகொடுப்பான்னுதான் மூணு பேர்கிட்ட வாங்கறோம். மூணு பேரும் ஒரே நாள்ல நிக்கறாங்க. கேட்டா, ஒருத்தர் வேலைநிறுத்தங்கறார். ஒருத்தர் வண்டி கவுந்துடுச்சுங்கறார். இன்னொருத்தர் மாமியார் போயிட்டாங்கங்கறார். எங்க மேடம் என்னைப் போட்டு வறுக்கறாங்க. எங்கிருந்து என்ன வருதுன்னே தெரியாம நீயெல்லாம் என்ன பர்ச்சேஸ் பிரிவுன்னு கேக்கறாங்க. அடிமட்டம் வரைக்கும் யார் யாருக்குக் கொடுக்கறாங்கன்னு ஒரு ஸ்கிரீன்ல காட்டணுமாம். நான் எங்கே போய்த் தேடுவேன்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. எத்தனை வயசானால் என்ன, தம்பி அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தால் எந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்கும்?

"அந்த மாமியார் போன வருஷமே போயாச்சுடா," என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேலைநிறுத்தமும் இல்ல, வண்டியும் கவுழல. என் பிரஸ்ல தட்டு கருகிடுச்சு. மூணு பேரும் நான்தான்டா, மடையா."

அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து வந்து எச்சில் கையோடு என்னைக் கட்டிக்கொண்டான். "அக்கா, அக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியாக எப்போது அப்படிக் கட்டிக்கொண்டான் என்று எனக்கு நினைவில்லை. அந்த நிமிஷத்துக்காகவே இன்னும் நாலு ரகசியம் இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"இதை ஸ்கிரீன்ல ஏத்திடறேன்," என்றான்.

"அய்யோ, அந்த மூணு பேரும் என் சோத்துல மண்ணைப் போட்டுடுவாங்கடா."

"அவங்க எதுக்கு இனிமே? நடுவுல நின்னு வாங்கி விக்கறவங்கதானே? நீ வெளிச்சத்துக்கு வா. நேரா உன் பேர்லயே ஆர்டர் வரும். நான் இருக்கேன் இல்ல?"

உன் பேரில் என்று சொன்னானே, அதில்தான் நான் விழுந்தேன். மூன்று பேருடைய முத்திரையையும் குத்திக் குத்திக் கட்டைவிரல் காய்த்துப்போனவள் நான். மறுநாளே முத்திரை செய்கிறவனிடம் போய் என் பெயரில் ஒன்று செய்யச் சொன்னேன். வந்ததும் கத்திரி அதை வாங்கித் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள்.

"எழுத்து நல்லா விழுதுக்கா. பை என்ன நிறம்?"

"சிவப்பு," என்றேன். யோசிக்கவே இல்லை.

புதுத் தட்டு வந்து பிரஸ் ஓடத் தொடங்கிய பிறகு மேலாளர் மேடம் நேரிலேயே ஷெட்டைப் பார்க்க வந்தார். நல்ல மாதிரி, அதில் குறை சொல்ல மாட்டேன். புகைக்கு மூக்கைப் பொத்தவில்லை, கத்திரியிடம்கூட வணக்கம் சொன்னார். தம்பி அவர் பின்னால் ஒரு பெரிய ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே நான் அவனுக்கு அக்கா இல்லை, "இவங்க". முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. அப்போது இல்லை.

"இந்த ஒரு பிரஸ்தானாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான். ஆனா யானை மாதிரி உழைக்கும்."

"இது நின்னுபோனா?"

"நின்னுச்சே, பாக்கலையா? உங்க லைனே படுத்துடுச்சே!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"இந்த வளையத்தை இந்தப் பக்கம் வேற யாராவது பண்றாங்களா?"

"பண்ணிப் பாத்தாங்க. முடியல. நான் ஒருத்திதான். நான் இல்லன்னா உங்க பம்பு ஒழுகத்தான் வேணும்."

எங்கள் தொழிலில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இவளை விட்டால் ஆளில்லை என்று ஆகிவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து விலை பேசலாம். வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குள் ஒரே பூரிப்பு. நான் சொல்லச் சொல்லத் தம்பி ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். மூன்று கோடுகள் கீழே இறங்கி ஒரு புள்ளியில் முட்டின. அந்தப் புள்ளி சிவப்பாக இருந்தது. முக்கியமானதைத்தானே சிவப்பில் காட்டுவார்கள்? நம் பையின் நிறம்தான் என்று கத்திரியிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தும்மல் வரவில்லை. கண்ணாடி ஃபோனை எடுக்கவில்லை. போகட்டும், நேராக ஆர்டர் வரப்போகிறது, இவர்கள் யார் என்று இருந்தேன். தம்பியைக் கேட்டால், "கமிட்டியில இருக்குக்கா," என்றான். கமிட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

கடைசியில் சிரிப்புதான் வந்தார். பல் தெரியவில்லை. பத்து வருஷத்தில் முதல் முறையாக அவர் உதட்டைப் பார்த்தேன்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமேம்மா," என்றார். "இனிமே ஒரே பிரஸ் இருக்கற இடத்துல வாங்கக் கூடாதாம். ரெண்டு பெரிய ஃபேக்டரியைக் காட்டி, அங்க வாங்கிக் குடுங்கன்னுட்டாங்க."

"உங்க மூணு பேரையும் நிறுத்தலையா?"

"எங்களை ஏன் நிறுத்தணும்? நாங்க அங்கீகாரம் வாங்கினவங்க. எங்கிருந்து வாங்கறோம்னு ஸ்கிரீன்ல காட்டிட்டாப் போதும்."

நடுவில் நின்றவர்கள் நடுவிலேயே நிற்கிறார்கள். தூக்கி எறிந்தது என்னை மட்டும்தான். சிரிப்பு போகும்போது புது வளையம் ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்து நசுக்கினேன், இழுத்தேன், எண்ணெயில் ஊறப் போட்டுக் காலையில் எடுத்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு வெடிப்பு இருக்காதா, ஒரு பிசிறு தட்டுப்படாதா என்று கடவுளை வேண்டிக்கொண்டு விரலால் தடவினேன். இல்லை. நல்ல வளையம். என்னுடையதற்கு ஒரு மாற்றும் குறைவில்லை.

கத்திரி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுத்தமாத்தான் வெட்டியிருக்கானுங்க, நாசமாப் போறவனுங்க," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தம்பி கூப்பிட்டான். ஸ்கிரீனுக்குத் திறப்பு விழாவாம். அவனுக்குப் பதவி உயர்வாம். "நீ அவசியம் வரணும்கா. உன்னாலதான் இது நடந்துச்சு."

"போகாதீங்கக்கா. போய் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க," என்றாள் கத்திரி.

போனேன். எதற்கென்று கேட்டால், அந்த ஸ்கிரீனில் என்னை ஒரு தடவையாவது பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகத்தான் போனேன்.

கடைசி வரிசையில் நாற்காலி கிடைத்தது. சுவர் முழுக்க ஸ்கிரீன். தம்பி புதுச் சட்டையில் நின்று விளக்கினான். நன்றாகத்தான் பேசினான், பாவி. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பெருமையாக வேறு இருந்தது, இந்த மனசை என்ன செய்வது?

"இது முன்னாடி இருந்த நிலைமை. மூணு சப்ளையர், மூணு கோடு. பயமில்லன்னு நாம நிம்மதியா இருந்தோம். கீழே இறங்கிப் பாத்தா மூணும் ஒரே இடத்துல முட்டுது. ஒரே ஷெட், ஒரே பிரஸ். அது நின்னா நாம நின்னோம். நம்மகிட்ட இருந்ததுலயே பெரிய ஆபத்து இந்தப் புள்ளிதான்."

புள்ளி சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. சிவப்பு மின்னி மின்னி அணைந்தது. பெரிய ஆபத்து! அவன் பள்ளிக்கூடம் போக விடியற்காலையில் எழுந்து சூடு ஏற்றிய பிரஸ் அது.

முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். "யாரு அந்த ஷெட்டு?"

தம்பி கடைசி வரிசைப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான், சந்தேகமே இல்லை. "ஒரு சின்ன இடம் சார். இப்ப இல்ல," என்றான்.

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இப்போது இல்லையாம்.

பிறகு எதையோ அழுத்தினான். சிவப்புப் புள்ளி போய்விட்டது. கோடுகள் விரிந்து வேறெங்கோ போயின, எல்லாம் பச்சை. எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்ததால் நானும் தட்டினேன்.

வெளியே நடைபாதையில் ஓடிவந்து பிடித்தான்.

"கோவமாக்கா?"

"இல்லடா, தலைகால் புரியாம ஆடிக்கிட்டிருக்கேன்."

"நான் எவ்வளவோ பேசினேன். ரெண்டாவது பிரஸ் போட டைம் குடுங்கன்னு கேட்டேன்."

"அது என் அக்கான்னு சொன்னியா?"

தரையைப் பார்த்தான். "சொன்னா சொந்தக்காரங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்னு ஆயிடும்கா. என் வேலைக்கே..." என்று முடிக்காமல் விட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது. நியாயமில்லாவிட்டால் அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கேளு. புது வளையம் வருதுல்ல, அதைப் பரிசோதிச்சு எடுக்க இங்க ஆள் போடறாங்க. உன் அளவுக்கு வளையம் தெரிஞ்சவங்க யாரும் கிடைக்க மாட்டாங்க. இந்தத் தடவை தைரியமா நான் உன் பேரைச் சொல்றேன். சொல்லட்டுமா?"

கையை விடுவித்துக்கொண்டேன்.

"வேண்டாம்டா சாமி," என்றேன். "நீ என்னை ஒரு தடவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே போதும். இருட்டுல இருந்தப்ப எனக்கு வேலையாவது இருந்துச்சு."

உள்ளேயிருந்து யாரோ அவனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சட்டையைச் சரிசெய்துகொண்டு போனான்.