பத்தாயிரத்து ஒரு கல்

வீடு வீடாகப் போய்க் கல் பதிக்கிற தம்பதி அவர்கள். அவர் வெட்டுவார், அவள் பதிப்பாள். மிஞ்சிய துண்டுகளையெல்லாம் இரண்டு விரல் அகலச் சதுரங்களாக வெட்டி, ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார் அவர். சொந்தக் கூடத்துச் சுவரில் பெரிய செவ்வகமாகப் பதிக்க ஆசை.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே, "பத்தாயிரத்து ஒண்ணு. ஒரு கல்லு மிஞ்சாது" என்றார். அதே மூச்சில், "உன்னோட வாழ்ந்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். மறுநாள் போய்விட்டார்.

எண்ணிப் பார்த்தாள். சரியாகப் பத்தாயிரத்து ஒன்று. அந்த ஒன்றுதான் அவள் உயிரை வாங்கியது. மூன்று வரிசை என்றால் இரண்டு கல் மிஞ்சியது. ஏழு என்றால் ஐந்து, பதின்மூன்று என்றால் நான்கு. மதியத்தில் கணக்குப் போட்ட தாளின் மேலேயே கண்ணயர்வாள். கற்கள் தாமாக எழுந்து சுவரேறி, சமர்த்தாக வரிசை கட்டும். யார் வீட்டுக் குளியலறை நீலமோ, யார் வீட்டு அடுக்களைச் சிவப்போ, இடம் கிடைக்காத நாலைந்து மட்டும் கீழே திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும். அவளுக்குப் பாவமாக இருக்கும்.

பஸ் ஓட்டுகிற கொழுந்தன் வந்தான்.

"ஒண்ணைத் தூக்கிப் போடுங்க அண்ணி. பத்தாயிரம் ஆச்சு. அம்பது வரிசை, வரிசைக்கு இருநூறு. வேலை முடிஞ்சுது."

"எந்த ஒண்ணைப் போடச் சொல்ற?"

"அண்ணன் காய்ச்சல்ல உளறினது அது."

அவளுக்கு அதுதான் பயம். முதலில் சொன்னது உளறல் என்றால், அடுத்துச் சொன்னது மட்டும் என்னவாம்? கணக்குத் தாளை நீட்டினாள்.

"எழுபத்தொண்ணோட நிறுத்திட்டீங்களே?"

"அதுக்கு மேல எட்டாது."

"கணக்கா?"

"கை."

சுவர் வேலை என்றால் இத்தனை வருடமும் அப்படித்தான். கை எட்டும்வரை அவள் பதிப்பாள். இந்த அளவுக் கல்லில் அது எழுபத்தோராவது வரிசை. அங்கே கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டு டீ போடப் போய்விடுவாள். மேலே உள்ளது அவர் பாடு.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "அண்ணனுக்கு எட்டுமே அண்ணி."

பென்சிலை எடுத்தாள். எழுபத்திரண்டுக்கு அறுபத்தைந்து மிஞ்சியது. எழுபத்து மூன்றால் வகுத்தாள். நூற்று முப்பத்தேழு வந்தது. மிச்சம் என்று எழுத ஒன்றுமே இல்லை. நம்பாமல் பெருக்கியும் பார்த்தாள்.

"உளறல தம்பி, உங்கண்ணன் உளறவே இல்ல" என்று வாய்விட்டு அழுதாள். அத்தனை அழுகையிலும் அவள் மனசு நிறைந்திருந்தது.

பதிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. கடைசி இரண்டு வரிசைக்குக் கொழுந்தன், "நான் பதிக்கவா?" என்றான். "நீ பஸ்ஸை ஒழுங்கா ஓட்டு" என்று சொல்லிவிட்டு முக்காலியில் ஏறினாள். கடைசிக் கல்லை வைத்து அழுத்தியவளுக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. கலவை இறுகும்வரை அப்படியே நின்றாள்.