ஒட்ட மறுத்த சவ்வு

பதினொன்று இருபது. தேர்வாளர் சென்னைக்குப் புறப்பட இன்னும் நாற்பதே நிமிடம்.

திருப்பதியின் அந்த ஆய்வுக்கூடத்தில், தேவசேனாவின் மூன்று வருட உழைப்பு ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கிடந்தது. மிருதுவான சிலிகான் சவ்வு. பசையே கிடையாது. சுத்தமான கண்ணாடியில் வைத்தால் தானாகப் படிந்து பற்றிக்கொள்ளும். அதை உரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. தேர்வாளர் கண்முன்னால் அந்த எண் ஒரு முறை வந்தால் பட்டம். வராவிட்டால் எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து.

கண்ணாடியைத் துடைத்து, சவ்வைப் படியவைத்து இழுத்தாள். நாற்பது வரவேண்டிய இடத்தில் இருபத்தாறு வந்தது. இன்னும் ஸ்பிரிட் விட்டுத் துடைத்தாள். பத்தொன்பது. மறுபடி துடைத்தாள். பதினொன்று.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்.

தேவசேனாவின் பார்வை கிளமென்ட் மேல் போனது. அதே அறையில் ஆய்வு செய்யும் சித்தூர்க்காரன். நேற்று அறைச் சாவி அவனிடம்தான் இருந்தது. ஓரமாக அழைத்து, சவ்வை யாராவது தொட்டார்களா என்று கேட்டாள். அந்த ‘யாராவது’ யாரென்று அவனுக்குப் புரிந்தது.

“நேரா கேளேன், நீதான் கெடுத்தியான்னு.” குரலில் கோபமில்லை. “நான் கெடுத்திருந்தா ஒரே நம்பர்தானே வரணும்? நீ தொடைக்கத் தொடைக்கக் கொறஞ்சிக்கினே போவுது. எதால தொடைக்கிற?”

நீட்டினாள். நகரியில் அவள் அப்பாவின் விசைத்தறியிலிருந்து நேற்று இறங்கிய புதுத்துணி. இன்றைக்கென்றே மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருந்தாள். இதைவிடச் சுத்தம் எது?

விரலிடுக்கில் தேய்த்தாள். மொடமொடத்தது. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் அவர்கள் தறி ஓடியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே இருந்தவளுக்கு இன்று அது தெரியவில்லை.

கிளமென்ட் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, அயோடின் ஒரு சொட்டுத் துணியில் விட்டான். கருநீலமாகப் படர்ந்தது. கஞ்சிதான்.

ஸ்பிரிட்டில் அது கரையாது. ஒவ்வொரு துடைப்பிலும் கண்ணாடியில் தூள் கூடியிருக்கிறது. ஒவ்வொரு துகளும் கூடாரக் கம்புபோலச் சவ்வைத் தூக்கி நிறுத்த, அதைச் சுற்றி ஒட்டாத வளையம்.

யாரிடமும் சொல்லாமல் தகட்டை மாற்றியிருக்கலாம். அவள் தேர்வாளரிடம் போனாள்.

“துணி என்னுது சார். தப்பும் என்னுதுதான்.”

வெந்நீரில் கழுவிய கண்ணாடி. புதுச் சவ்வு. மெல்ல இழுத்தாள்.

நாற்பத்தொன்று.

அந்த மூன்று குறைந்த எண்களையும் ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் தேர்வாளர்.

அவர் போனதும் தேவசேனா கிளமென்ட்டிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“அது கெடக்குது,” என்றான். “உங்க நைனாகிட்ட சொல்லி எனக்கொரு துணி வாங்கியா. தொவச்சிக் குடு.”