பதினோரு வினாடி

லூபென் பதினான்கு வருஷம் ஜெர்மனியில் கிடங்கு வேலை பார்த்துவிட்டு சொந்த ஊரான ரூசேவுக்குத் திரும்பி வந்தவன். வந்த கையோடு அம்மா போய்ச் சேர்ந்தாள். இரண்டு அறை வீடு மிஞ்சியது, பேசத்தான் ஆளில்லை. மூன்று வருஷமாக ஒரு லாரி கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் பிரிவு என்று பெயர். சன்னல் இல்லாத அந்த அறையில் அவன் ஒருவன்தான் பிரிவே. அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஜெர்மன்காரன்'தான். மதியம் எல்லோரும் கேன்டீனில் பீன்ஸ் சூப்பை வைத்துக்கொண்டு வம்பளப்பார்கள். இவன் அறைக்குள்ளேயே சீஸ் வைத்த பானிட்சா ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு வேலையைத் தொடர்வான். கூப்பிட்டிருந்தால் போயிருப்பான். அவர்களும் கூப்பிடவில்லை, இவனும் போய் நிற்கவில்லை.

அந்த வசந்தத்தில் டிரைவர்களின் பழைய போன்கள் அறுபதைக் கழித்துக்கட்டும் வேலை அவன் தலையில் விழுந்தது. குப்பையில் வீசிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். ஒவ்வொரு போனின் எண்ணையும் பட்டியலோடு சரிபார்ப்பான். வைத்திருந்தவரிடம் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பதை ஒரு துளி மிச்சமில்லாமல் அழிப்பான். உப்பிப்போன பேட்டரிகளை மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் தனியாக வைப்பான். அடுத்தவர் போனைத் திறந்து படம் பார்ப்பது, செய்தி படிப்பது எல்லாம் அவனிடம் நடக்காது. அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாமென் வந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போன இலையுதிர்காலத்தில் தொண்டையில் புற்று என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது பணிமனையில் டயர் பார்க்கிறார், சொல்ல வேண்டியதைச் சட்டைப்பையில் இருக்கும் குறிப்பேட்டில் எழுதிக் காட்டுகிறார். போனை மேசைமேல் வைத்தார். லூபென் திரையிலிருந்து அரைக்கண்ணை எடுத்து, "அழிச்சிடலாமா அண்ணே?" என்று கேட்டான். ஸ்டாமென் தலையை மேலும் கீழுமாக இரண்டு தரம் அழுத்தி ஆட்டிவிட்டு வெளியே போனார்.

எங்கள் நாட்டில் தலை மேலும் கீழும் ஆடினால் 'கூடாது', பக்கவாட்டில் ஆடினால் 'சரி'. உலகம் வேறு மாதிரி ஆட்டினால் அது உலகத்தின் பாடு. பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, பதினான்கு வருஷம் ஜெர்மானியர்களுக்கு எதிரே தலையாட்டியவனுக்கு மறந்துவிட்டது. முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தாலாவது புரிந்திருக்கும். லூபென் போனை வயரில் மாட்டி, பொத்தானை அழுத்தினான்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்டாமென் புத்தம்புது பென் டிரைவோடு வந்து நின்றார். குறிப்பேட்டில், 'இதுல ஏத்திக் குடு. அப்புறம் அழிச்சுக்கோ' என்று எழுதியிருந்தது. லூபென் போனைத் திருப்பிக் காட்டினான். போன் காலிப் பலகைபோலக் கிடந்தது.

அதில் என்ன இருந்தது என்று அவர் எழுதி எழுதிச் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பதிவு செய்த நாற்பது நிமிஷம். வலென்சியாவில் இருக்கும் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பாட்டு, கதை, கேலி எல்லாம் பேசி வைத்திருந்தார். மகளோடு எப்போதும் நேராகப் போன் போட்டுப் பேசுகிறவர். அந்தப் பேச்சையெல்லாம் யார் பிடித்து வைத்தார்கள்? இப்போது குழந்தைக்கு மூன்று மாதம். அவர் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. லூபென் அழித்தால் அழித்ததுதான், அதுதான் அவன் தொழிலின் பெருமை.

ஸ்டாமெனால் கத்த முடியாது. பென் டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் தேவலை என்று லூபெனுக்கு இருந்தது.

அன்று மதியம் ஜெர்மன்காரன் கேன்டீனுக்குள் நுழைந்தான். கரண்டிகள் நின்றன. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். வேலை விஷயமாக ஸ்டாமென் யாருக்காவது குரல் செய்தி அனுப்பியிருந்தால் தேடித் தரும்படி கேட்டான். இன்னும் அழிக்காத போன்கள் பத்தொன்பது. தான் திறக்கமாட்டேன், அவரவரே திறந்து பாருங்கள் என்றான். ஒருவர் அவனைக் கழுதை என்றார். அவன் ஆமாம் என்றான். பிறகு எல்லோரும் எழுந்து அந்தச் சன்னல் இல்லாத அறைக்குள் முண்டியடித்தார்கள். அங்கே அத்தனை பேர் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை.

வண்டி அனுப்பும் வசில்காவின் போனில் மட்டும் ஒன்று அகப்பட்டது, இரண்டு வருஷத்துக்கு முந்தியது. காதில் வைத்துக் கேட்டவளின் முகம் மாறியது.

"வேணாம் தம்பி. இது நீ கேக்குற மாதிரி இல்ல."

"போடுங்கக்கா."

போட்டாள். "வசில்கா, அந்த ஜெர்மன்காரனை எங்கிட்ட அனுப்பாத தாயே. மூஞ்சியப் பாத்துப் பேசத் தெரியாத பய. மனுஷனா, பூட்டுப் போட்ட பீரோவான்னே தெரியல." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு, வயிற்றிலிருந்து கிளம்பி இருமலில் முடிகிற பெரிய சிரிப்பு. மொத்தம் பதினோரு வினாடி. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

லூபென் அதைப் பென் டிரைவில் ஏற்றி, மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு பணிமனைக்குப் போனான். ஸ்டாமென் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து கேட்டார். விரலைச் சுழற்றி, திரும்பப் போடச் சொன்னார். ஏழு முறை போட்டான், ஏழு முறையும் எதிரிலேயே நின்று வசவு வாங்கினான். கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'உன்னைத்தான் திட்டியிருக்கேன்.'

"ஆமாண்ணே. ஆனா சிரிப்பு நல்லா விழுந்திருக்கு. அத மட்டும் வெட்டித் தரட்டுமா, பாப்பாவுக்கு?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு 'தா' என்று எழுதினார். மூன்று வினாடிச் சிரிப்பு அன்றைக்கே வலென்சியாவுக்குப் போனது. மீதியை அழித்துவிடு, எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினார்.

லூபென் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான். "உங்க குரல், நீங்க சொன்னா அழிச்சிடுறேன். ஆனா அந்த எட்டு வினாடிய நான் வச்சுக்கலாமாண்ணே? இந்த ஊர்ல என்னப் பத்தி வேற யாரும் அவ்வளவு நேரம் பேசினதில்ல."